ஒன்பதாம் கம்பி

ஒன்பதாம் கம்பியை எந்த மரத்திலும் பூட்டவில்லை. இருந்தும் அதில் சொடக்குக் கேட்டது.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிப் பார்த்தாள். மர ஆராய்ச்சி நிலையக் கண்ணாடிக் கூடத்தின் வழக்கமான சத்தங்கள்தான்: மூலையில் சுற்றும் பழைய மின்விசிறியின் முனகல், கூரைக் கண்ணாடி மதிய வெயிலில் விரிந்து நெரியும் கீச்சு, வெள்ளத் தொட்டிகளின் அடிச்சேற்றிலிருந்து எப்போதாவது ஒரு குமிழ் மேலே வந்து வெடிக்கும் 'பிளக்', அதன் பின்னாலேயே எழும் அழுகிய முட்டை நாற்றம். மறுபடி மாட்டிக்கொண்டாள். டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக்.

எட்டு மரக்கன்றுகள், எட்டுக் கம்பிகள். நான்கு கன்றுகள் தண்டில் ஒரு முழம் முங்கத் தண்ணீரில் நிற்பவை. நான்கு கன்றுகள் இருபத்தாறு நாளாகத் தண்ணீரையே காணாதவை. ஒவ்வொன்றின் தண்டிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஓர் உலோக வில்லை ஒட்டியிருக்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள் அதைக் 'காது' என்பார்கள். வேரிலிருந்து உச்சி இலை வரை மரத்துக்குள் தண்ணீர் அறுபடாத இழையாக ஏறுகிறது. மேலே வெயில் இழுக்கும், கீழே மண் கொடுக்க மறுக்கும், நடுவில் இழை விறைத்து விறைத்து ஒரு கட்டத்தில் அறுந்துபோகும். அறுகிறபோது ஒரு சொடக்கு. மனிதக் காதுக்கு எட்டாத அந்தச் சத்தத்தை இயந்திரம் கேட்கும்படி மாற்றிக் கொடுக்கும். பதினோரு வருடமாக அதைக் கேட்டு எழுதுவதுதான் அவள் பிழைப்பு. இரவில் மரங்கள் அடங்கிவிடும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைதான் அவற்றுக்குக் கெட்ட நேரம்.

ஒன்பதாவது உபரிக் கம்பி. அதன் காது மேசைமேல் சும்மா கிடக்க வேண்டியது. அதன்மேல் அவள் தங்கையின் மணிக்கட்டு கிடந்தது. சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போயிருந்தாள்.

"வாலு, கையை எடு."

"ம்?"

"கையை எடுடி."

எடுத்தாள். கம்பி அடங்கியது.

"இப்ப வை."

"எடுங்கிற, வைங்கிற. நான் என்ன கையா வச்சிருக்கேன், மூடியா?" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு வைத்தாள்.

டக். டக், டக்.

"நாடித் துடிப்பு கேக்குது போல," என்றாள் அக்கா.

"உயிரோடதான் இருக்கேனா? சொல்லு, தெரிஞ்சுக்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. நாடி சீராக அடிக்கும். இது கொத்துக் கொத்தாக வந்தது, தகரக் கூரையில் மழை தொடங்குவதற்கு முன் விழும் முதல் துளிகளைப்போல, ஒழுங்கில்லாமல். பதினோரு வருடமாகக் கேட்ட சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் தெரியும்.

கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பூட்டிய பிறகு எதற்குப் பூட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

தங்கை அவளோடு வந்து தங்கி எட்டு மாதம். அதற்கு முன் வந்த வெள்ளத்தில் தங்கையின் வீடு ஓட்டோடு போனது. அவளும் அவள் புருஷனும் தெருமுனையில் இருந்த பெரிய மரத்தின் கவட்டில் ஏறிக்கொண்டார்கள். மூன்று நாள். நான்காம் நாள் படகு வந்தபோது அவள் மட்டும் இருந்தாள். கால்கள் முழங்கால் வரை தண்ணீருக்குள். மார்பில் மரப்பட்டையின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. மரத்திலிருந்து அவள் கைகளைப் பிரித்தெடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. புருஷன் கிடைக்கவே இல்லை. "வழுக்கிட்டாரு" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அக்காவும் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை லாரி வரும். வீட்டுக்கு ஒரு டிரம். சமைக்க, குடிக்க, கழுவ, குளிக்க எல்லாம் அதற்குள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவளை எதிர்வீட்டு டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க தங்கச்சியைப் பத்தித்தான்."

"என்ன டீச்சர்?"

"இன்னைக்கு உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்த நாளெல்லாம் மத்தியானம் பின்பக்கம் வெயில்ல நிக்கிறாங்க. நான் சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் அதே இடம். அசையறதில்ல. கையை மட்டும் இப்படி வச்சிருக்காங்க."

டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கை வெயிலைப் பார்க்காதபடி, கத்தி விளிம்புபோலத் திருப்பிக் காட்டினாள். வெயில் கையின் ஓரத்தில் மட்டும் படும்படி.

"வேர்க்கக்கூட மாட்டேங்குது அவங்களுக்கு. நான் பார்த்தேன். இவ்வளவு வெயில்ல ஒரு பொட்டு வேர்வை இல்ல."

"உடம்புவாகு டீச்சர்."

"குடையாவது பிடிக்கச் சொல்லுங்க."

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பகலில் ஒரு இடுக்கு விடாமல் சாத்திவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பது தங்கையின் பழக்கம். சூட்டைத் தடுக்க என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். இப்போது கூடத்தில் நின்று, சாத்திய ஜன்னல்களையும் அவற்றின் விளிம்பில் மெல்லிய கோடாக எரியும் அந்தி வெளிச்சத்தையும் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். மூடிய வீட்டுக்குள் வந்த வாசனை அவளுக்குப் பழக்கமானது. எங்கே என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. ஈரப்பட்டை. காய்ந்த மண். அடியில், எங்கோ ஆழத்தில், அழுகிய முட்டை.

"என்ன மரம் மாதிரி நிக்கிற?" என்றாள் தங்கை சமையலறையிலிருந்து. "வா, சாப்பிடு."

அன்று அக்கா உட்காரவே இல்லை. நின்றபடி சாப்பிட்டாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவப் போய், தண்ணீர் ஞாபகம் வந்து வைத்தாள். டிரம்மின் மூடியைத் திறந்து மட்டம் பார்த்தாள், மூடினாள், திறந்தாள். படுக்கையறையைப் பெருக்கப் போனவள் தலையணையின்மேல் முடியைப் பார்த்தாள். ஒன்றிரண்டு இல்லை. சிக்கில்லாமல், உடையாமல், ஒரே நீளத்தில், யாரோ எடுத்து அடுக்கி வைத்ததுபோல ஒரு கற்றை.

"வாலு, முடி இப்படிக் கொட்டுது, சொல்லவே இல்லையே?"

"கொட்டட்டும். அதுக்கு எண்ணெய், அதுக்கு சீப்பு, அதைக் கழுவ அரை வாளித் தண்ணி. யாருக்கு வேணும்?"

"டாக்டர்கிட்ட..."

"காலுக்குக் குடுத்த களிம்பே இன்னும் பாதி இருக்கு."

காலைத்தான் அக்கா பார்த்தாள். தங்கை பாவாடையைத் தூக்கிச் சொருகியிருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு வந்த தோல் வியாதி. முழங்காலுக்குக் கீழே, தண்ணீர் நின்ற மட்டம் வரை, கடுகுபோல உப்பிய வெள்ளைப் புள்ளிகள். எட்டு மாதமாகப் பார்க்கிற புள்ளிகள். இன்றுதான் அவற்றை அவள் வேறு எங்கே தினமும் பார்க்கிறாள் என்பது உறைத்தது.

*

மறுநாள் காலை வெள்ள வரிசையின் முன் குந்தி உட்கார்ந்தாள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கன்றுகளின் பட்டையில், அதே புள்ளிகள். அதே அளவு. அதே வெண்மை. விரலால் தொட்டால் பஞ்சுபோல அமுங்கும். வேருக்குக் காற்றுக் கிடைக்காதபோது மரம் பட்டையில் திறந்துகொள்ளும் மூக்குகள்.

"மூணாம் நம்பருக்கு யாரும்மா தண்ணி ஊத்தினது?"

நிலையத்தின் தலைவர். தொட்டிகளுக்கு நடுவிலேயே குடியிருப்பதால் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் தொட்டி சார். அவருக்கும் தெரியும்.

"காவலாளி சார். வாடிக் கெடக்குன்னு பாவம் பார்த்து ஊத்திட்டாரு."

"இடுப்பளவு தண்ணியில நிக்கிறவனுக்கு மேலேர்ந்து வேற குளியலா? அதோட வேரு மூச்சு முட்டிச் செத்துக்கிட்டிருக்கு. வேரு செத்தா எப்படிக் குடிக்கும்? காஞ்சாலும் வாடும், முங்கினாலும் வாடும். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். வாடினதைப் பார்த்ததும் செம்பைத் தூக்கறது எல்லாரும் பண்ற தப்பு."

"சார்." அவள் எழுந்துகொண்டாள். முழங்கால் சொடுக்கியது, அந்தச் சத்தத்துக்கே துணுக்குற்றாள். "வெள்ளத்துல தப்பிச்ச மரம், அடுத்தாப்பல வறட்சி வந்தா?"

"தப்பிச்சதுன்னு யாரு சொன்னா? பாதி வேரைப் பறிகொடுத்துட்டு நிக்குது, அவ்வளவுதான். ஈரம் இருக்கிற வரைக்கும் தெரியாது. காயறப்பதான் சாயம் வெளுக்கும்."

"அப்ப அது என்ன பண்ணும்?"

"ஜன்னலைச் சாத்தும் முதல்ல. இலையில இருக்கிற வாயெல்லாம் மூடிக்கும், சொட்டு ஈரம் வெளியே போகாது. அப்புறம் வெயில் முகத்துல படாம இலையைத் திருப்பிக்கும். அதுக்கும் தாங்கலையா, இலையைக் கொட்டும். உனக்குத் தெரியாததா? புதுசா வேலைக்கு வந்த பிள்ளை மாதிரி கேக்கிற."

"அதுக்கும் தாங்கலைன்னா சார்?"

"கிளையை விடும்."

"எந்தக் கிளையை?"

"குடிக்கிறது அதிகம், குடுக்கிறது கம்மி. அந்தக் கிளையை. உடையாது. நடுவுல தக்கை வளரும், பூட்டு மாதிரி. பூட்டு விழுந்தப்புறம் காத்துகூட வேண்டாம். தானாக் கழண்டுக்கும். தழும்பு மொழுமொழுன்னு இருக்கும்."

"மரத்துக்கு அது தெரியுமா? எதை விடறோம்னு?"

தொட்டி சார் சிரித்தார். "தெரிஞ்சுக்க மூளை எங்க இருக்கு? யோசிக்காம பண்றதாலதான் அது தப்பே பண்றதில்ல."

அன்று மாலை அவள் இழுப்பறையைத் திறந்தாள். ஒன்பதாம் கம்பி, அதன் காது, கைப்பெட்டி அளவிலான சிறிய கருவி, ஹெட்போன். நான்கையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக நிலையத்துச் சாமான் ஒன்று அவளோடு வாசலைத் தாண்டியது.

*

அடுத்த நாள் விடுமுறை. காலையிலேயே லாரி வந்து டிரம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சாத்திய ஜன்னல்களுக்குள் வீடு அடுப்புபோல இருந்தது. அக்காவின் கழுத்திலும் முதுகிலும் வேர்வை ஊர்ந்தது. தங்கை நாற்காலியில் உலர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"இது என்ன, வீட்டுக்கே கொண்டுவந்துட்ட?"

"சும்மா. வலது கையைக் குடு."

காதை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து நாடாவால் கட்டினாள். ஹெட்போனை மாட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம்.

அவளுடைய வறட்சி வரிசையிலேயே மோசமான கன்று, இலையெல்லாம் சுருண்டு, தொட்டால் பொடியாகிற நிலையில் நிற்பது, நிமிடத்துக்குப் பத்தொன்பது சொடக்கு. தங்கையின் கையில் நாற்பத்தேழு.

"எத்தனை மார்க்?" என்றாள் தங்கை.

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. இமையில் மயிர் இல்லை. எப்போதிலிருந்து இல்லை? கழுத்து லேசாகத் தொங்கியது, வாடிய தண்டு தொங்குவதுபோல. எல்லாம் கண்முன்னால்தான் நடந்திருக்கிறது. எட்டு மரங்களின் கணக்கை எழுதத் தெரிந்தவளுக்கு வீட்டில் ஒரு வரி படிக்கத் தெரியவில்லை.

"நீ தண்ணி குடிக்கிறியா இல்லையா?"

"குடிக்கிறேன்."

"எவ்வளவு? ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"எனக்குப் போதுங்கிற அளவு. நீயும் குடிக்கணுமில்ல?"

"யாருடி உன்னைக் கேட்டது? இப்படியா? எனக்கு மிச்சம் வைக்கிறேன்னு இப்படியா?"

துணி ஊறவைக்கும் பெரிய டப்பைக் குளியலறையில் இழுத்துப் போட்டாள். டிரம்மிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். நாலு நாள் தண்ணீர். யோசிக்கவில்லை. கை நிற்கவில்லை. தங்கையை அப்படியே உடுத்தியிருந்த துணியோடு கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்காரவைத்தாள். செம்பில் மொண்டு வாயில் வைத்தாள்.

"குடி."

"போதும் அக்கா."

"குடிடி."

குடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. தண்ணீர் முழங்காலை மூடி இடுப்புக்கு வந்தது.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக ஒரு சதுர வெயில் தண்ணீரில் ஆடியது. பிறகு தங்கையின் தலை சாய்ந்தது. தோள் தொங்கியது. முன்னைவிட அதிகமாக, முன்னைவிட வேகமாக. தண்ணீரின் அடியிலிருந்து ஒரு குமிழ் எழும்பி வந்து வெடித்தது.

பிளக்.

அந்த நாற்றம்.

"ஊத்தாத அக்கா," என்றாள் தங்கை. குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "கீழே மூச்சு முட்டுது."

அக்காவின் கையில் செம்பு நின்றது.

"அன்னைக்கும் இப்படித்தான். மூணாம் நாள் காலு செத்துப்போச்சு. மூச்சு மட்டும் எப்படியோ காலு வழியாவே வந்துச்சு. எப்படின்னு கேக்காத. மரத்தைக் கட்டிப் பிடிச்சிருந்தேனா, அது உள்ள என்னமோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு. நெஞ்சுல கேட்டுச்சு. சின்னச் சின்னதா. நானும் பண்ண ஆரம்பிச்சேன்."

"வாலு. வேண்டாம். பேசாத."

"அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியில தொங்கினாரு. கவட்டுல ரெண்டு பேருக்கு இடமில்ல. நான் நல்லாத்தான் பிடிச்சிருந்தேன். சத்தியமா பிடிச்சிருந்தேன். உள்ள எங்கயோ ஒரு பூட்டு விழுந்துச்சு அக்கா. க்ளக்னு. கை தானா விரிஞ்சிடுச்சு. எனக்கு அழுகைகூட வரல. உடம்பு லேசாயிடுச்சு."

அக்கா தண்ணீரைப் பார்த்தாள். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. தங்கையின் முழங்காலுக்குக் கீழே, வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் நூல் மாதிரி, தையல் நூலைவிட மெல்லியதாக, வெள்ளையாக ஒன்று வெளியே வந்து, தண்ணீரின் மேற்பரப்பை நோக்கி மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. காற்றைத் தேடி.

டப்பைக் கவிழ்த்தாள். நாலு நாள் தண்ணீர் குளியலறைத் தரையில் பரவி, சுழன்று, சாக்கடைக்குள் போனது. ஈரத் தரையில் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாடினதைப் பார்த்ததும் செம்பைத் தூக்கியிருக்கிறாள். வேறு யாரும் இல்லை, அவளே.

*

மறுநாள் நிலையத்துக்குப் போகவில்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். கம்பவுண்டர் எடுத்தார்.

"என்ன தொந்தரவு?"

அவள் யோசித்தாள். எங்கிருந்து தொடங்குவது?

"முடி கொட்டுது," என்றாள்.

"தோல் டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாரு."

வைத்துவிட்டாள். டீச்சர் வீட்டில் வாங்கிய ஒரு குடம் தண்ணீரிலிருந்து காலையில் தங்கைக்கு அரை டம்ளர், ஒரு மணி கழித்து அரை டம்ளர். அளந்து, நிதானமாக. நனைந்த துணியால் உதட்டை ஒற்றினாள். தங்கை எதிர்த்துப் பேசவில்லை. வெயில் ஏற ஏற அக்கா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். ஒன்பது அடி. திரும்பி ஒன்பது அடி. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்வரை நடந்தாள்.

பன்னிரண்டு.

தங்கை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அக்கா காதை வலது மணிக்கட்டில் கட்டினாள். ஹெட்போன். கடிகாரம்.

ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

"நின்னுடுச்சு!" என்று கத்தினாள். "வாலு, நின்னுடுச்சுடி! ஏறிடுச்சு. தண்ணி ஏறிடுச்சு."

தங்கையின் தோளைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தோள் லேசாக இருந்தது. காய்ந்த சுள்ளிக் கட்டைத் தூக்கினால் இருக்கும் லேசு. கட்டிக்கொண்டபோதே, தங்கையின் தோளுக்கு மேலாக, ஜன்னல் கட்டையில் ஏதோ கிடப்பது தெரிந்தது.

ஒரு சின்னக் குச்சி. அதன் நடுவில் மோதிரம்.

"அது ஏறல அக்கா," என்றாள் தங்கை அவள் காதருகே, மெதுவாக. "ஒண்ணை விட்டேன்."

மோதிர விரல். நகம் இருந்தது. ரத்தம் இல்லை. அறுந்த முனை வட்டமாக, மொழுமொழுவென்று, தக்கை நிறத்தில் மூடியிருந்தது.

"வலிக்கல. சத்தியமா வலிக்கல. அவரோட விரல்தானே. எதுக்கு அதுக்கு இன்னமும் ஊட்டிக்கிட்டு?"

  ஹெட்போன் இன்னும் தலையில்தான் இருந்தது.

டக்.

"நீ டீச்சர் வீட்டுக்குப் போயிடு அக்கா."

"எதுக்கு?"

"நேத்து நீ ஊத்தினதுல உள்ள பயந்துடுச்சு. அவசரப்படுது. எதை விடலாம், எதை விடலாம்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

டக். டக், டக்.

"யாரு கேக்கிறா?"

"தெரியல. நான் இல்ல." தங்கையின் கண்கள் வறண்டிருந்தன. "முதல்ல உன்னைத்தான் சொல்லுச்சு. ஒரே டிரம், ரெண்டு பேரு. உன்னை விடச் சொல்லுச்சு. மாட்டேன்னேன். எங்க அக்கா, மாட்டேன்னேன். அதான் விரல். அது பத்தலையாம்."

துப்பட்டா விலகியது. இடது கை. நான்கு விரல். முழங்கைக்குச் சற்றுக் கீழே, வளையல் கழற்றிய தடம்போல, கையைச் சுற்றிலும் ஒரு வெளிறிய கோடு.

அக்கா இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில், விரல்களில், இறுக்கமாக.

"நான் விடமாட்டேன்."

"அக்கா, போ."

"விடமாட்டேன்டி. எது சொன்னாலும் சரி. பிடிச்சுக்கோ. நீயும் பிடி."

தங்கை பிடித்தாள். நான்கு விரல்களும் அக்காவின் கையைச் சுற்றி இறுகின. சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடிக்கிற அதே பிடி.

ஹெட்போனில் சொடக்குகள் பெருகின. பத்து. இருபது. எண்ண முடியவில்லை. தகரத்தில் மழை. பெருமழை. எட்டு மாதமாக வராத மழை முழுவதும் அவள் காதுக்குள். ஜன்னல் விளிம்பில் வெயில் வெள்ளையாக எரிந்தது. ஈரப்பட்டை வாசனை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிடித்திருந்தாள். பிடித்திருந்தாள்.

க்ளக்.

மழை நின்றது.

அமைதி. சுத்தமான அமைதி. காற்றுகூட இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

தங்கை இரண்டடி தள்ளி நின்றாள். மணிக்கட்டிலிருந்து கம்பி தொய்ந்து தொங்கியது. வெயில் கோட்டில் வலது கையை நீட்டி, உள்ளங்கையை விளிம்பாகத் திருப்பி வைத்திருந்தாள். முகம் தெளிந்து, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அழகாகச் சிரித்தாள்.

அக்கா இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு கைகளுக்குள்ளும் அது இருந்தது. இளஞ்சூடாக. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் நான்கு விரல்களும், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விரிந்து, அவளை விட்டன.